ஏற்றம் எத்தனை மணிக்கு? துறைமுகப் பறவைகள் பற்றி வாசகர் கேள்விகள்

வலசைப் பறவைகள் வந்து இறங்கிவிட்டன. துறைமுகம், கழிமுகம், உப்பளம் என்று சுற்றுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்குமேல் ஒரே புலம்பல்தான்: “போனோம், ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.” அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம்.

கே: காலை ஆறரைக்கே கரையில் நிற்கிறேன். மூன்று முறை போயும் அரை கிலோமீட்டருக்கு அப்பால் எறும்பு ஊர்வதுபோல ஏதோ தெரிந்ததோடு சரி. நேரம் தப்பா, இடம் தப்பா?

நேரம்தான். தோப்புப் பறவைக்கு விடியல் எப்படியோ, சேற்றுப் பறவைக்கு ஏற்றம், அதாவது கடல்நீர் கரையை நோக்கி ஏறும் பொழுது, அப்படி. நீர் இறங்குவது வற்றம். வற்றத்தின்போது சேறு வெகுதூரம் விரிந்து கிடக்கும். ஈரம் குறையாத சேற்றில்தான் புழுவும் சிறு சிப்பியும் மேல்மட்டத்துக்கு வரும் என்பதால் உள்ளான்கள் (சேற்றில் மேயும் கரைப்பறவைகள்) நீரின் விளிம்போடு நகர்ந்தபடியே மேயும். நீங்கள் போன மூன்று நாளும் அந்த விளிம்பு கடலுக்குள் கிடந்திருக்கிறது.

வீட்டை விட்டுக் கிளம்புமுன் அருகிலுள்ள துறைமுகத்தின் ஏற்ற அட்டவணையைப் பாருங்கள். அன்றைய உச்ச ஏற்றம் 10.40 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். 8 மணிக்குக் கரையில் இருக்க வேண்டும். 8-லிருந்து 9.30 வரை ஏறும் நீர் பறவைகளை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும்; மேய்ச்சலைப் பார்க்க இதைவிட நல்ல பொழுது இல்லை. 9.30-க்குமேல் சேறு சுருங்கச் சுருங்கக் கூட்டம் கூட்டமாக எழுந்து மணல்திட்டு, உப்பள வரப்பு, அலைத்தடுப்புச் சுவர் என்று ஒதுங்கும். 10.15-லிருந்து 11.30 வரை அந்த ஒதுங்குமிடத்தில்தான் நிற்கும். பிறகு நீர் இறங்கத் தொடங்கியதும் சொல்லிவைத்தாற்போல எல்லாம் கிளம்பிவிடும்.

பெரும்பாலான கரைகளில் இரண்டு ஏற்றங்களுக்கு இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்தும். ஒரு ஞாயிறு நல்ல நேரம் அமைந்தால் அடுத்த ஞாயிறு கிட்டத்தட்ட நேரெதிர். ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான் அதே நேரம் திரும்பும். வாராவாரம் ஒரே மணிக்குப் போகிறவருக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஏமாற்றம் கிடைப்பது இதனால்தான்.

நேரத்தோடு உயரத்தையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஏற்றம் பெரிது. சேறு முழுக்க மூழ்கி, பறவைகள் உட்புற ஈரநிலத்துக்கு வந்துவிடும். அட்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் சிறிது. சேற்றின் ஒரு பகுதி மூழ்காமலே இருக்கும். பறவைகளும் அங்கேயே தங்கிவிடும், உங்கள் பக்கம் வர வேண்டிய அவசியமே அவற்றுக்கு இல்லை. கரையிலிருந்து மேய்ச்சலைப் பார்க்க நடுத்தர ஏற்றம், ஒதுங்குமிடத்தைப் பார்க்கப் பெரிய ஏற்றம்.

அட்டவணை என்பது கணிப்பு. கடலிலிருந்து பலமான காற்று அடித்தால் நீர் அதைவிட உயரும். காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் நீர்மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் கூடும். ஏற்றமே ஒரு மீட்டருக்குள் இருக்கும் கரைகளில் காற்றின் கை ஓங்கிவிடும்.

கடைசியாக வெயில். கிழக்கு பார்த்த கரைக்குக் காலையில் போனால் எதிர்வெளிச்சத்தில் எல்லாப் பறவையும் கறுப்புத்தான். அங்கே பிற்பகல் ஏற்றம் வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

கே: அட்டவணைப்படியே போனேன். கடலில் ஏற்றம் சரியாக இருந்தது. உள்ளே காயலில் தண்ணீர் ஏறவே இல்லை. ஏன்?

அட்டவணை துறைமுக வாயிலுக்கு உரியது. குறுகிய முகத்துவாரம் வழியாக நீர் உள்ளே புகுந்து பரவ நேரம் பிடிக்கும். உட்புறக் காயலில் உச்ச ஏற்றம் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பிந்தலாம். முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் ஏற்றமே இருக்காது.

உங்கள் இடத்தின் தாமதத்தை நீங்களே அளந்துவிடலாம். அட்டவணை நேரத்துக்கு அரை மணி முன்பு நீரோரத்தில் ஒரு குச்சியை நட்டு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை நீர் தொடும் இடத்தைக் கீறி வையுங்கள். கீறல் ஏறுவது நின்ற நேரம்தான் அங்கே உச்சம். பெரிய ஏற்ற நாளில் ஒன்று, சின்ன ஏற்ற நாளில் ஒன்று என இரண்டு முறை செய்யுங்கள். இரண்டிலும் தாமதம் ஒன்றாக இருக்காது.

கே: 8×42 பைனாகுலர் போதுமா, ஸ்கோப் (ட்ரைபாட்டில் நிறுத்திப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) வேண்டுமா? ஸ்கோப்பை 60 மடங்குக்குத் திருகினால் எல்லாம் நெளிகிறதே?

முதலில் பைனாகுலர், 8×42. 8 என்பது பெருக்கம், 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25; உங்கள் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் அத்தனை மில்லிமீட்டர். மங்கல் வெளிச்சத்துக்குப் போதும், கையும் நடுங்காது. சேற்றுவெளிக்கு மட்டும் ஸ்கோப் இல்லாமல் நெடுநாள் ஓட்ட முடியாது. 65 மில்லிமீட்டர் ஸ்கோப் ஒன்று நன்றாகவே உழைக்கும்.

60 மடங்கில் நெளிவது பெரும்பாலும் கண்ணாடியின் குறை அல்ல, கானல். சூடேறிய சேற்றின் மேல் காற்று அலைவதை ஸ்கோப் அப்படியே பெரிதாக்கிக் காட்டுகிறது. அதோடு 65 மில்லிமீட்டர் ஸ்கோப்பில் 60 மடங்கு வைத்தால் ஒளிக்கற்றை 1.1 மில்லிமீட்டராகச் சுருங்கிப் படமும் இருளும். 25 முதல் 30 மடங்கோடு நிறுத்துங்கள். வெயில் ஏறுமுன் பாருங்கள், இல்லாவிட்டால் மேகமூட்ட நாளில் போங்கள். கரைமேட்டில் ஏறி நின்று பார்த்தாலும் நெளிவு குறையும். காய்ந்த தரைக்கு மேலாகப் பார்க்காமல் நீருக்கு மேலாகப் பார்க்கும் கோணம் கிடைத்தால் இன்னும் நல்லது.

கடற்காற்றில் ட்ரைபாட்டின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். ஆட்டம் எல்லாம் அதில்தான். கால்களைத் தாழ்த்தி, உட்கார்ந்து பாருங்கள். பையைத் தண்டில் மாட்டினால் ஊசலாடாமல் தரையைத் தொட்டபடி தொங்கட்டும்.

கே: குளிர்காலத்தில் எல்லா உள்ளானும் ஒரே சாம்பல் பழுப்பு. படத்தையும் பறவையையும் மாறிமாறிப் பார்த்துத் தலை சுற்றுகிறது. எங்கே தொடங்குவது?

நிறத்தை விட்டுவிடுங்கள். செம்பழுப்பு, கறுப்பு வயிறு எல்லாம் இனப்பெருக்கக் கால உடுப்பு. இங்கே அது கழற்றி வைக்கப்பட்டிருக்கிறது.

முதலில் மேயும் விதம். நாலடி ஓடி, சட்டென்று நின்று, குனிந்து ஒரே கொத்து கொத்திவிட்டு மறுபடி ஓடினால் அது உப்புக்கொத்தி வகை. பெரிய கண், குட்டை அலகு, கண்ணால் பார்த்து இரை பிடிப்பது. தலை நிமிராமல் தையல் ஊசிபோலக் குத்திக்கொண்டே போனால் உள்ளான் வகை. அலகு நுனியின் தொடு உணர்வால் சேற்றுக்குள் தேடுவது. இந்த ஒரு பிரிவிலேயே கூட்டத்தைப் பாதியாக்கிவிடலாம்.

அடுத்தது அலகு. எத்தனை சென்டிமீட்டர் என்று யோசிக்காதீர்கள். தலையின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். தலையைவிடக் குட்டையா, சமமா, ஒன்றரை மடங்கா? நேரா, கீழே வளைந்ததா, லேசாக மேலே நிமிர்ந்ததா?

மூன்றாவது, பறக்கும்போது முதுகுப்புறம். அங்கேதான் குளிர்காலத்திலும் மாறாத அடையாளம் இருக்கிறது. பவளக்காலி (ரெட்ஷாங்க்) எழுந்தால் சிறகின் பின்விளிம்பு முழுக்க அகலமான வெள்ளை. பச்சைக்காலிக்குச் சிறகில் கோடே கிடையாது. முதுகில் ஆப்பு அடித்ததுபோல வெள்ளை மேலேறும். மூக்கன் என்பது நீண்ட அலகுள்ள காட்விட். கருவால் மூக்கனுக்குச் சிறகில் பளிச்சென்ற வெள்ளைப் பட்டையும் வால் நுனியில் கறுப்பும். பட்டைவால் மூக்கனுக்குச் சிறகுப் பட்டை இல்லை. சாம்பல் உப்புக்கொத்தி சிறகைத் தூக்கினால் கக்கத்தில் கறுப்பு மை தடவியது தெரியும். பொன்னிற உப்புக்கொத்திக்கு அது இல்லை. சேற்றில் நிற்கும்போது இரண்டையும் பிரிக்கத் திணறுகிறவர்கள், அது சோம்பல் முறித்துச் சிறகை உயர்த்தும் ஒரு நொடிக்காகக் காத்திருப்பது உத்தமம்.

அளவுக்கு ஒரு படி வேண்டும். பவளக்காலியை எடுத்துக்கொள்ளுங்கள், சுமார் 28 சென்டிமீட்டர். எந்தப் பறவையையும் “பவளக்காலியைவிடப் பெரிதா, சிறிதா?” என்று கேளுங்கள். கொசு உள்ளான் அதில் பாதி. பெரிய கோட்டான் ஏறக்குறைய இரட்டிப்பு. (ஆந்தையையும் கோட்டான் என்பதால் குழம்ப வேண்டாம், இது கீழே வளைந்த நீண்ட அலகுள்ள கர்லூ.) அதன் தம்பியான சிறு கோட்டானுக்கு உச்சந்தலையில் கோடுகள் உண்டு, அலகு குட்டை, ஏழெட்டு முறை ஒரே சுருதியில் விசிலடிக்கும்.

தவறு நேரும் இடங்கள் சில. சேறு அப்பிய சிவப்புக் கால் கறுப்பாகத் தெரியும். ஒருமுறை தண்ணீரில் நடந்து வரும்வரை கால் நிறத்தைக் குறிப்பேட்டில் எழுதாதீர்கள். பெரிய கோட்டானில் பெண்ணுக்கு அலகு நீளம், ஆணுக்குக் குறைவு, இளம்பறவைக்கு இன்னும் குறைவு. தனியே நிற்கும் பறவையின் அளவு கண்ணை ஏமாற்றும். அடையாளம் தெரியாவிட்டால் “சிறிய உள்ளான், இனம் தெரியவில்லை” என்று எழுதுங்கள். பட்டியலை நீட்ட ஊகித்து எழுதிய பெயரைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

கே: கூட்டத்தில் பல பறவைகள் ஒற்றைக் காலில் நிற்கின்றன. சில அப்படியே தத்தித் தத்திப் போகின்றன. காயமா?

பெரும்பாலும் இல்லை. இறகில்லாத காலை வயிற்று இறகுக்குள் மடக்கிக்கொண்டால் உடல் வெப்பம் வீணாகாது. தூக்கம் கலைய மனமில்லாமல் மற்றொரு காலை இறக்காமலே தத்தும். கொஞ்ச நேரம் பாருங்கள். கால் மாற்றும், அல்லது மேயத் தொடங்கியதும் இரண்டு காலும் வெளியே வரும். மேயும்போதும் ஒரு கால் தொங்கினால் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

கே: கடற்காகத்தின் (சீகல்) அலகு நுனியில் எப்போதும் ஒரு சொட்டு நீர். சளி பிடித்திருக்கிறதா?

அது உப்பு நீர். கண்ணுக்கு மேலே உள்ள உப்புச் சுரப்பிகள், குடித்த கடல்நீரின் மிகை உப்பைப் பிரித்து மூக்குத்துளை வழியாக வெளியேற்றுகின்றன. அவ்வப்போது தலையை உதறுவதும் அதற்காகவே.

கே: சேற்றையும் காயலையும் விட்டுவிடுவோம். கப்பல் நிற்கும் துறைமுகத்துக்குள்ளேயே பார்க்க ஏதாவது உண்டா?

நிறைய உண்டு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலை. அலைத்தடுப்புச் சுவரின் பாறைகளில் கல்திருப்பி உள்ளான். ஆரஞ்சுக் கால், பாறை நிறத்தோடு ஒன்றிவிடும், ஒன்று அசைந்தபிறகுதான் பக்கத்தில் பத்து நிற்பது தெரியும். படகுத்துறைப் படிகளில் பின்புறத்தை ஆட்டிக்கொண்டே நடக்கும் சிறு உள்ளான். மிதவைகளில் சிறகு விரித்துக் காயும் நீர்க்காகம். கால்வாய் அடையாளக் கம்பத்தின் உச்சியில் விரால் அடிப்பான். பிடித்த மீனின் தலை முன்னோக்கி இருக்கும்படி திருப்பிக்கொண்டுதான் பறக்கும், காற்று எதிர்ப்பு குறைய. மீன் இறக்கும் இடத்தில் கடற்காகங்கள்.

கடற்காகம் என்றால் வயது பார்க்க வேண்டும். சிறிய இனங்கள் இரண்டாம் ஆண்டில் முதிர்ந்த உடுப்புக்கு வரும்; பெரியவற்றுக்கு நான்காண்டு ஆகும். அதுவரை ஆண்டுக்கு ஒரு பழுப்பு. ஒரே கூட்டத்தில் நாலைந்து இனம் இருப்பதாகத் தோன்றினால் ஒரே இனத்தின் நாலு வயதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆலாக்களுக்கும் (டெர்ன்) குளிர்காலத்தில் கறுப்புத் தொப்பி பின்வாங்கி நெற்றி வெளுத்துவிடும். அவை திட்டில் எல்லாம் காற்றை எதிர்த்து ஒரே பக்கம் பார்த்து நிற்கும். பக்கவாட்டில் நீங்கள் இடம் பிடித்தால் அலகு, கால், வால் மூன்றும் வரிசையாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. பன்னாட்டுக் கப்பல்கள் வரும் துறைமுகங்களில் 2004 ஜூலை 1 முதல் ஐ.எஸ்.பி.எஸ். பாதுகாப்பு விதிகள் நடைமுறையில் உள்ளன. அனுமதியின்றி உள்ளே நுழைய முடியாது. ஸ்கோப்பும் நீண்ட லென்ஸும் வாயிற்காவலர் கண்ணுக்குப் பறவை பார்க்கும் கருவியாகத் தெரியாது. முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அல்லது வெளியே பொதுவழியிலிருந்து பாருங்கள்.

கே: ஒரு உள்ளானின் காலில் வண்ணக் கொடி கண்டேன். என்னென்ன குறிக்க வேண்டும்?

பறவை எங்கிருந்து எங்கே போகிறது என்று அறிய ஆய்வாளர்கள் மாட்டிவிடும் அடையாளம் அது. எந்தக் கால் என்பது முதலில். இடது, வலது இரண்டும் பறவையின் இடது, வலது, உங்களுடையது அல்ல. பறவை உங்களை நோக்கி நின்றால் இங்கேதான் பலர் தலைகீழாக எழுதுகிறார்கள். பிறகு கால் மடிப்புக்கு மேலா, கீழா. இரண்டு கொடி இருந்தால் மேலே எது, கீழே எது. கொடிக்கு வெளியே நீட்டிய நாக்கு இருக்கும், வளையத்துக்கு இருக்காது. எது என்று எழுதுங்கள். உலோக வளையம் எந்தக் காலில்? கொடியில் எழுத்தோ எண்ணோ இருந்தால் அதுவும். படிக்க முடியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போடுங்கள், ஊகிக்காதீர்கள்.

கிழக்கு ஆசிய - ஆஸ்திரலேசிய வலசைப் பாதையில் எந்த நிறம் எந்த இடம் என்று பங்கிட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவுக்கு ஆரஞ்சு, வடமேற்கு ஆஸ்திரேலியாவுக்கு மஞ்சள். ஷாங்காய் அருகே சோங்மிங் தீவுக்கு மேலே கறுப்பு, கீழே வெள்ளை. வெயிலில் வெளுத்த ஆரஞ்சை மஞ்சள் என்று எழுதினால் பறவை ஒரு கண்டத்தின் மறுகோடிக்கு மாறிவிடும். அதனால் நிறத்தில் சந்தேகம் என்றால் சந்தேகம் என்றே எழுதி, மங்கலாக இருந்தாலும் படத்தை இணைத்து, நாட்டின் வளையமிடும் அமைப்புக்கு அனுப்புங்கள். கொடியைப் படிக்கக் கிட்டே போய்ப் பறவையை எழுப்பிவிடாதீர்கள். நீர் ஏறும்போது அதுவே நெருங்கி வரும்.

கே: ஐயாயிரம், பத்தாயிரம் என்று எப்படி எண்ணுகிறார்கள்? குத்துமதிப்புதானா?

மதிப்பீடுதான், ஆனால் குத்துமதிப்பு அல்ல. ஓரத்திலிருந்து 10 பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து ஸ்கோப்பில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் பதியுங்கள். அதை வைத்து 50, பிறகு 100. அந்த நூறு அளவுக் கட்டத்தை இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டே போங்கள். நடுவில் கூட்டம் நெருக்கமாக இருக்கும். அங்கே கட்டத்தைச் சிறிதாக்க வேண்டும். திரும்ப வலமிருந்து இடமாக ஒருமுறை. இரண்டும் வெகுவாக வேறுபட்டால் மூன்றாவது எண்ணிக்கை.

பழகாதவர்கள் பெரிய கூட்டத்தைக் குறைத்தே மதிப்பிடுவார்கள். பெரிய பறவைக்குப் பின்னால் சின்னது மறைவதும் ஒரு காரணம். கலப்புக் கூட்டமானால் மொத்தத்தை முதலில் எண்ணிவிட்டு, ஐந்து வெவ்வேறு இடத்தில் நூறு நூறு பறவையைப் பார்த்து இனவாரியாகக் குறித்து, அந்த விகிதத்தில் மொத்தத்தைப் பிரியுங்கள். ஓரத்தில் மட்டும் நூறு பார்த்தால் விகிதம் பிசகும். ஒவ்வொரு இனத்துக்கும் பிடித்த ஆழம் உண்டு. கொசு உள்ளானுக்கு நான்கைந்து சென்டிமீட்டர் நீருக்குமேல் ஆகாது. நெடுங்கால் உள்ளான் அதைத் தாண்டி நிற்கும், பூநாரை இன்னும் உள்ளே.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. வலசை வந்தவை ஓரிடத்தில் தங்கியிருக்கும் மாதம் என்பதால் ஒரே பறவையை இரண்டு ஊரில் எண்ணும் வாய்ப்பு குறைவு. பறவையே இல்லாத குளத்துக்கும் பூஜ்யம் என்று எழுதி அனுப்புங்கள்.

கே: கூட்டமாகப் பறக்கும் படம் வேண்டும் என்று சிலர் ஒதுங்குமிடத்தை நோக்கி நடக்கிறார்கள். “உடனே திரும்பி உட்கார்ந்துவிடும், ஒன்றும் ஆகாது” என்கிறார்கள். சரியா?

சரியல்ல. ஒதுங்குமிடம் என்பது மேய முடியாத இரண்டு மூன்று மணி நேரத்தை ஆற்றல் செலவில்லாமல் கழிக்கும் இடம். ஒவ்வொரு முறை எழுந்து சுற்றும்போதும் தின்று சேர்த்த கொழுப்பு எரிகிறது; நீர் முழுக்க ஏறிய நேரத்தில் ஈடுகட்ட மேய்ச்சலும் கிடையாது. கிளம்புமுன் கொழுப்பேற்றும் மார்ச், ஏப்ரலில் இது இன்னும் மோசம். 2022-இல் ஓர் இளம் பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாளில் கடந்தது. அத்தனைக்கும் எரிபொருள் சேற்றில் தின்று சேர்த்ததுதான்.

எழுமுன்பே பறவை சொல்லிவிடும். தூங்கியவை தலையை உயர்த்தும், இறகு கோதுவது நிற்கும், எல்லாம் ஒரே பக்கம் நடக்கத் தொடங்கும், பிறகு ஓர் எச்சரிக்கைக் குரல். தலை உயர்ந்ததுமே நில்லுங்கள். நடக்கத் தொடங்கினால் இரண்டடி பின்வாங்குங்கள். குறைந்தது 100 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கோட்டான் அதற்கும் முன்பே எழுந்துவிடும். பறக்கும் படம்தான் வேண்டுமென்றால் ஏற்றத்துக்கு ஒரு மணி முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். அவை தாமாகவே பறந்து உங்கள் தலைக்கு மேலாக வந்து இறங்கும்.

கே: சேற்றில் கால் புதைந்தால்?

சேற்றில் இறங்காமலிருப்பதே வழி. மீறிப் புதைந்தால் காலை நேராக மேலே இழுக்காதீர்கள். அடியில் வெற்றிடம் உண்டாகி இன்னும் இறுகும், மற்றக் காலும் இறங்கும். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து எடையைப் பரப்பி, காலை முன்னும் பின்னும் அசைத்து நீரும் காற்றும் உள்ளே புக விடுங்கள். செருப்பு போனால் போகட்டும். புதைவதைவிட ஆபத்து, முதுகுக்குப் பின்னால் ஓடை நிரம்புவது: முன்னால் சேறு காய்ந்து கிடக்கும்போதே திரும்பும் வழி அடைபட்டிருக்கும்.

கே: கடலோரம் போய்வந்தால் லென்ஸில் வெள்ளைப் படலம். துணியால் துடைத்ததில் கீறல் விழுந்துவிட்டது.

படலம் காய்ந்த உப்பு. அதை உலர்துணியால் தேய்ப்பதும் மணல்தாளால் தேய்ப்பதும் ஒன்றுதான். முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள், பிறகு மென்தூரிகை. அடுத்து லென்ஸ் துணியின் ஓர் ஓரத்தை நல்ல தண்ணீரில் நனைத்து அழுத்தாமல் ஒற்றி உப்பைக் கரையுங்கள். காய்ந்த பக்கத்தால் துடைப்பது கடைசியில். நீர்புகாத பைனாகுலர் என்றால் மூடிகளைச் சரிபார்த்துவிட்டுக் குழாய்நீரை மெல்ல ஓடவிட்டே கழுவலாம். ட்ரைபாட்டை ஈர இடத்தில் நிறுத்தும்போது அடியிலுள்ள மெல்லிய தண்டை முதலில் நீட்டுங்கள். பூட்டுகள் நீருக்கு மேலே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் எல்லாக் கணுவையும் திறந்து நல்ல தண்ணீரில் அலசி, நீட்டிய நிலையிலேயே காயவையுங்கள். மடக்கி வைத்தால் உள்ளே தங்கிய உப்பு பூட்டை அரித்துவிடும்.

கே: மே மாதம் பிறந்தும் ஐம்பது அறுபது உள்ளான் போகாமல் நிற்கின்றன. நோயா, வழி தவறியவையா?

பெரும்பாலும் இளசுகள். சாம்பல் உப்புக்கொத்தி, கோட்டான், கல்திருப்பி போன்றவற்றில் முதலாண்டுப் பறவைகள் பல இனப்பெருக்கத்துக்குத் தயாராகாததால் வலசை இடத்திலேயே கோடையைக் கழிக்கும். வண்ண உடுப்பு மாறாமல், தேய்ந்து வெளுத்த சிறகோடு நிற்பதை வைத்துக் கண்டுகொள்ளலாம். நன்றாக மேய்ந்துகொண்டிருந்தால் கவலை வேண்டாம். ஆனால் தலை தொங்கி, எழ முடியாமல், பல ஒன்றாகக் கிடந்தால் கைவைக்காதீர்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கக்கூடும். இடத்தையும் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு கால்நடைத் துறைக்கோ வனத்துறைக்கோ அன்றே சொல்லுங்கள்.